பாலிலிதியோனைட் மாதிரியை எந்த வரிசையில் ஆராய்வது: முழுமையான வழிகாட்டி

காக்காப்பொன் என்று நாம் பொதுவாகச் சொல்லும் மைக்காக் குடும்பத்தில் பாலிலிதியோனைட் அரிதான ஓர் உறுப்பினர். பொட்டாசியம், லித்தியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன், ஃபுளோரின் ஆகியவை சேர்ந்தது இக்கனிமம். தூய நிலையில் இதன் எடையில் ஏறத்தாழ 7.7 விழுக்காடு லித்தியம் ஆக்சைடாக இருக்கும். இருந்தும் லித்தியம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதையும் விட்டுவைப்பதில்லை. சாதாரண வெள்ளை மைக்காவும் பாலிலிதியோனைட்டும் மேசையில் அருகருகே கிடந்தால், பழகிய கண்ணுக்கும் ஒரு கணம் தயக்கம் வரும்.

புதியவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் கருவி இல்லாமை அன்று, வரிசை தவறுவதே. நிறத்தில் தொடங்கி, நேராகச் சுடர்ச் சோதனைக்குத் தாவி, மாதிரியின் நல்ல ஏட்டைக் கருக்கிவிட்ட பிறகு பிறப்பிடச் சீட்டைத் தேடுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாதிரிக்குச் சேதம் தராத சோதனைகள் முன்னால் வர வேண்டும், சேதம் தருபவை பின்னால் வர வேண்டும் என்பதே கீழே உள்ள படிகளின் அடிப்படை.

1. தொடங்குவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கும் லூப், ஒரு பக்கமாகத் திருப்பக்கூடிய சிறிய விளக்கு, நுனி மெலிந்த இடுக்கி, பித்தளைக் குண்டூசி ஒன்று, எஃகு ஊசி ஒன்று, நகைக்கடைகளில் இருப்பது போன்ற 0.001 கிராம் வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசு, 254 நானோமீட்டர் குறுஅலைப் புற ஊதா விளக்கு, அதற்கேற்ற பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை வேண்டும். சுடர்ச் சோதனைக்கு நீலச் சுடர் தரும் சிறிய பியூட்டேன் டார்ச் போதும்.

இவற்றோடு இரண்டு ஒப்பீட்டுத் துண்டுகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று மஸ்கோவைட், அதாவது சாதாரண வெள்ளை மைக்கா. ஜார்க்கண்டின் கோடர்மாவிலிருந்தும் ஆந்திரத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்தும் வந்த துண்டுகள் எளிதில் கிடைக்கும். மற்றொன்று லெபிடோலைட் என்னும் லித்தியம் மைக்கா, பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்திலிருந்து வரும் ஊதாத் துண்டுகளை விலை குறைவாக வாங்கலாம். ஒவ்வொரு சோதனையையும் முதலில் இந்த இரண்டிலும் செய்து பார்த்துவிட்டு அரிய மாதிரிக்கு வர வேண்டும். எதிர்பார்க்க வேண்டியது என்ன என்பதைக் கண் அறிந்திராவிட்டால், மங்கலான விளைவைக்கூட விரும்பியபடி படித்துக்கொள்ளும் சபலம் வந்துவிடும்.

2. மாதிரியைக் கழுவாதீர்கள்

கையில் வந்ததும் குழாயடியில் காட்டுவதுதான் மிகப் பரவலான முதல் தவறு. பாலிலிதியோனைட் வரும் காரப் பாறைகளில், அதாவது சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த பாறைகளில், வில்லியோமைட் என்னும் சோடியம் ஃபுளோரைடும் இருக்கக்கூடும். அடர்சிவப்பு நிறமுள்ள அந்தக் கனிமம் நீரில் கரையும், நச்சுத்தன்மையும் உடையது. மாதிரியின் மதிப்பில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும், கரைந்த ஃபுளோரைடு கையிலும் படும்.

வேறொரு காரணமும் உண்டு. மைக்காவின் ஏடுகளுக்கிடையே உள்ள நூலிழை இடைவெளிகளுக்குள் தண்ணீர் தானாக ஏறி, வெளியிலிருந்த மண்ணை உள்ளே இழுத்துச் செல்லும். காய்ந்த பிறகு அந்த அழுக்கை எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது. மெல்லிய மயிர்த் தூரிகையும் கேமரா லென்ஸைத் துடைக்கப் பயன்படும் ரப்பர்க் காற்றுக் குமிழும் மட்டுமே இப்போதைக்குப் போதும்.

3. பிறப்பிடச் சீட்டைப் படித்தல்

இந்தக் கனிமத்தைப் பொறுத்தவரை சீட்டுதான் பாதிச் சான்று. முதன்முதலில் இது விவரிக்கப்பட்டது தெற்குக் கிரீன்லாந்தின் இலிமௌசாக் பாறைத்தொகுதியில். கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மோன் சான் இலேர், தஜிகிஸ்தானின் தாரா-இ-பியோஸ், ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலுள்ள லோவோசெரோ ஆகியவையும் சேகரிப்போர் அறிந்த இடங்கள். இவை எல்லாமே காரப் பாறைகள்.

சீட்டில் இவற்றுள் ஒன்று இருந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். சாதாரண கிரானைட் பெக்மடைட் (பெரிய படிகங்களாக உறைந்த பாறை) ஒன்றின் பெயர் இருந்தால், கையில் இருப்பது லெபிடோலைட்டாகவோ மஸ்கோவைட்டாகவோ இருக்கும் வாய்ப்பே அதிகம். செக் நாட்டு எல்லையிலுள்ள சினோவெட்ஸ், அதாவது பழைய சின்வால்ட், என்று இருந்தால் இரும்பு கலந்த லித்தியம் மைக்காவான சின்வால்டைட்டை முதலில் நினைக்க வேண்டும்.

மோன் சான் இலேரின் புகழ்பெற்ற பூத்ரெத் கல்குவாரி இன்று சேகரிப்போருக்குத் திறந்திருக்கவில்லை. ஆகையால் அங்கிருந்து வந்தவை பெரும்பாலும் பழைய தொகுப்புகளிலிருந்து கைமாறியவை. அவற்றோடு வரும் பழைய கையெழுத்துச் சீட்டை, அது கிழிந்திருந்தாலும் எறியக் கூடாது. புதிய சீட்டு எழுதினாலும் பழையதை அதே பெட்டியில் வைக்க வேண்டும்.

4. உடன் இருக்கும் கனிமங்களைப் பட்டியலிடுதல்

மைக்காவைப் பார்ப்பதற்கு முன், அது ஒட்டியிருக்கும் பாறையைப் பாருங்கள். தனி ஏடாக மட்டும் வந்த மாதிரியைவிடத் தாய்ப்பாறையோடு வந்தது பல மடங்கு அதிகமாகப் பேசும்.

மோன் சான் இலேர் மாதிரிகளில் வெள்ளை அனால்சைம், ஊசி போன்ற நேட்ரோலைட், கருப்பும் கரும்பச்சையுமான ஏஜிரின் கம்பிகள், வெள்ளை ஆல்பைட், சால்மன் மீனின் சதை நிறத்தில் செராண்டைட் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். தாரா-இ-பியோஸில் குவார்ட்ஸ், ஏஜிரின், ரீட்மெர்ஜ்னரைட், லூக்கோஸ்ஃபெனைட் ஆகியவற்றோடு பெரிய ஏடுகளாக இது வருகிறது. இலிமௌசாக்கில் சோடலைட்டும் நேட்ரோலைட்டும் உடன் இருக்கும்.

மாறாக, மைக்காவைச் சுற்றி இளஞ்சிவப்பு டூர்மலினும் ஸ்போடுமீனும் குவார்ட்ஸும் இருந்தால் அது கிரானைட் பெக்மடைட்டின் உலகம். அங்கே லெபிடோலைட்தான் வழக்கமான லித்தியம் மைக்கா. குவார்ட்ஸ் இருப்பதை மட்டும் வைத்துப் பாலிலிதியோனைட் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது, தாரா-இ-பியோஸே அதற்கு மறுப்பு. ஆனால் சிலிக்கா குறைந்த பாறைகளில் வரும் நெஃபிலின் என்னும் கனிமம் இருக்கும் பாறையில் முதன்மைக் குவார்ட்ஸ் சேர்ந்து பிறக்காது. ஒரே துண்டில் இரண்டையும் கண்டதாகத் தோன்றினால், ஒன்றைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்றோ குவார்ட்ஸ் பின்னர் வந்து படிந்தது என்றோ பொருள்.

இலிமௌசாக் மாதிரியில் பழுப்பு கலந்த கருப்புப் பொட்டுகள் தெரிந்தால் ஸ்டீன்ஸ்ட்ருபினாக இருக்கலாம் என்று கருதிக் கவனமாக இருக்க வேண்டும். தோரியமும் யுரேனியமும் கொண்ட கதிரியக்கக் கனிமம் அது. அந்தப் பாறையை உடைத்துத் தூள் எழுப்பக் கூடாது, தொட்ட பின் கைகழுவ வேண்டும்.

5. வடிவத்தையும் மிளிர்வையும் பார்த்தல்

விளக்கை மாதிரிக்கு நேர்மேலே வைக்காமல், மேசையோடு 20 முதல் 30 பாகைக் கோணத்தில் பக்கவாட்டில் வைத்து, மாதிரியை மெல்லச் சுழற்றுங்கள். மேலிருந்து விழும் ஒளியில் ஏட்டின் முகம் கண்ணாடி போல ஒரே வெள்ளையாகப் பளிச்சிட்டு விவரங்களை மறைத்துவிடும். பக்க ஒளியில் ஏட்டு விளிம்புகளின் படிக்கட்டு அமைப்பும், அறுகோண மூலைகளும், வளர்ச்சி வரிகளும் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

பாலிலிதியோனைட் பொதுவாக ஆறு பக்கத் தட்டுகளாகவும், தட்டுகள் அடுக்கிய புத்தகம் போன்ற கட்டைகளாகவும், இதழ் விரித்த ரோஜா போன்ற கொத்துகளாகவும், மீன் செதில் போன்ற சிறு செதில்களாகவும் கிடைக்கிறது. அறுகோணமாகத் தோன்றினாலும் அதன் படிக அமைப்பு ஒற்றைச்சரிவு வகையைச் சேர்ந்தது. ஆகையால் மூலைகள் கச்சிதமாக 120 பாகை இல்லை என்பதற்காக மாதிரியை ஒதுக்க வேண்டாம்.

ஏடு பிரியும் தட்டையான முகத்தில், அதாவது பிளவு முகத்தில், முத்தின் மிளிர்வு இருக்கும். அடியில் உள்ள பல ஏடுகளிலிருந்து ஒளி திரும்பி வருவதால் உண்டாகும் மிளிர்வு அது. ஏடுகள் சற்றே பிரிந்திருக்கும் இடத்தில் கூடுதலாகவும், ஓரத்தில் குறைவாகவும் தெரியும். சில இடங்களில் வானவில் நிறங்கள் தோன்றினால், அது பிரிந்த ஏடுகளுக்கிடையே சிக்கிய மெல்லிய காற்றுப் படலத்தின் வேலை. அதைக் கனிமத்தின் நிறமாகக் குறிப்பேட்டில் எழுதியவர்கள் உண்டு.

6. வளைத்தும் கீறியும் பார்த்தல்

ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் ஒரு செதிலை மட்டும் இடுக்கியால் எடுத்து, லூப்பின் கீழே மெல்ல வளையுங்கள். மைக்காவாக இருந்தால் வளைந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். வளைந்தபடியே நின்றுவிட்டால் குளோரைட் போன்ற வேறு தாள் கனிமமாக இருக்கலாம். வளையாமல் முறிந்தால் அது பாலிலிதியோனைட் அன்று.

மோன் சான் இலேர் மாதிரிகளில் இந்தச் சோதனை மிகவும் தேவைப்படுகிறது. அங்கே கட்டாப்ளீயைட் என்னும் கனிமமும் மெல்லிய அறுகோணத் தட்டுகளாக, வெளிர் பழுப்பிலும் பாலேட்டு நிறத்திலும் வருகிறது. புகைப்படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. கட்டாப்ளீயைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவில் 5 முதல் 6 வரை, அது வளையவும் வளையாது. பாலிலிதியோனைட்டின் கடினத்தன்மை 2 முதல் 3 வரை மட்டுமே. எஃகு ஊசி பாலிலிதியோனைட்டில் எளிதாகத் தடம் பதிக்கும், பித்தளைக் குண்டூசியும் பெரும்பாலும் பதிக்கும். ஏட்டின் முகத்தில் கீறாமல், பின்புறத்து ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் கீறினால் போதும்.

7. நிறத்தை இப்போது பாருங்கள்

இதுவரை நிறத்தைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு. லித்தியம் மைக்கா என்றால் ஊதாவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் லெபிடோலைட்டைப் பார்த்துப் பழகியதால் வந்தது. லெபிடோலைட்டின் ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் காரணம் மாங்கனீசு, லித்தியம் அன்று. லித்தியம் அயனி தானாக நிறம் தருவதில்லை. மாங்கனீசு உள்ள மஸ்கோவைட் இளஞ்சிவப்பாகவும், மாங்கனீசு இல்லாத லெபிடோலைட் சாம்பலாகவும் இருக்க முடியும்.

பாலிலிதியோனைட்டில் வெண்மை, வெள்ளி கலந்த சாம்பல், பாலேட்டு மஞ்சள், வெளிர் இளஞ்சிவப்பு ஆகியவை காணப்படுகின்றன. நிறமற்ற ஏடுகளும் உண்டு. ஒரே கட்டையில் நடுப்பகுதி ஒரு நிறமாகவும் ஓரம் வேறு நிறமாகவும் இருக்கலாம். நிறத்தைக் குறிக்கும்போது, தனி ஏட்டை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்த நிறத்தையும், கட்டையின் பக்கவாட்டு நிறத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். அடுக்கின் தடிமன் கூடக்கூட நிறம் ஆழமாகும் என்பதால், எதைப் பார்த்து எழுதினோம் என்று சொல்லாத நிறக்குறிப்பால் பயனில்லை.

8. புற ஊதா ஒளி

பல பாலிலிதியோனைட் மாதிரிகள் குறுஅலைப் புற ஊதாவில் எலுமிச்சை மஞ்சளாக ஒளிர்கின்றன. பொருளுக்குச் சேதம் இல்லாமல் கிடைக்கும் சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் தவறுகள் குவிவதும் இங்கேதான்.

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா டார்ச் இதற்கு உதவாது. அது நெட்டலை ஒளியைத் தருவது. நமக்கு வேண்டியது 254 நானோமீட்டர். கண்ணாடி அலமாரிக்கு வெளியே இருந்தபடியோ பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைத் திறக்காமலோ சோதித்துவிட்டு, ஒளிரவில்லை என்று முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் குறுஅலையைத் தடுத்துவிடும். அதே காரணத்தால் பாதுகாப்புக் கண்ணாடி நம் கண்ணைக் காக்கிறது. வெறும் கண்ணால் அந்த விளக்கைப் பார்க்கவே கூடாது, தோலிலும் நீண்ட நேரம் படவிடக் கூடாது.

இருட்டறையில் கண் பழக ஐந்து நிமிடம் காத்திருந்து விளக்கை ஏற்றுங்கள். மைக்கா ஏடுகள் கண்ணாடிபோல விளக்கின் ஊதா ஒளியைத் திருப்பிக் காட்டும். அது ஒளிர்தல் ஆகாது. மாதிரியைத் திருப்பும்போது மறைந்துவிடுவது எதிரொளிப்பு, எந்தக் கோணத்திலும் நிலைத்திருப்பதே ஒளிர்தல். நீலவெள்ளையாக மின்னும் இழைகள் துணியிலிருந்தோ பஞ்சிலிருந்தோ வந்தவை. ஏட்டுக்கும் பாறைக்கும் இடையே நீலவெள்ளைக் கோடு தெரிந்தால், பசையால் ஒட்டிய மாதிரி என்று ஐயப்பட வேண்டும். வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால் நல்லது.

உடனிருக்கும் சோடலைட் ஆரஞ்சாக ஒளிரக்கூடும். எது எங்கிருந்து ஒளிர்கிறது என்பதை விளக்கை அணைத்து ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். மஞ்சள் ஒளிர்தல் ஆதரவான சான்று. ஒளிராவிட்டால் அது மறுப்பு ஆகாது.

9. அடர்த்தி

பாலிலிதியோனைட்டின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, ஏறத்தாழ 2.58 முதல் 2.82 வரை; லெபிடோலைட் 2.8 முதல் 2.9 வரை, சின்வால்டைட் அதற்கும் மேலே, 3.0ஐ ஒட்டி. உதிர்ந்த ஒரு துண்டைக் காற்றில் எடைபோட்டு, பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடைபோடுங்கள். காற்றில் 1.350 கிராமும் தண்ணீரில் 0.850 கிராமும் இருந்தால், இழப்பு 0.500, ஒப்படர்த்தி 2.70. தராசு 0.01 கிராம் வரை மட்டுமே காட்டுவதாக இருந்தால், இவ்வளவு சிறிய துண்டில் 2.70க்கும் 2.76க்கும் வேறுபாடு தெரியாது. அதனால்தான் நுண்ணிய தராசைக் கேட்டேன்.

தாய்ப்பாறையோடு கூடிய மாதிரியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பாறையின் அடர்த்திதான் கிடைக்கும். அதைவிட ஆபத்தான பிழை ஏடுகளுக்கிடையே சிக்கும் காற்று. அது இழப்பைக் கூட்டி, அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். குறைந்த அடர்த்திதான் பாலிலிதியோனைட்டின் அடையாளம் என்பதால், சாதாரண மஸ்கோவைட்கூட நாம் ஆசைப்படும் எண்ணைத் தந்துவிடும்; பிழையும் ஆசையும் ஒரே திசையில் இழுக்கும் இடம் இது. தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சோப்புத் திரவம் சேர்த்து, துண்டை அரைமணி நேரம் ஊறவைத்து, குமிழிகளைத் தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு எடைபோடுங்கள். மூன்று முறை அளந்து, எண் ஏறிக்கொண்டே போனால் காற்று இன்னும் வெளியேறுகிறது என்று பொருள்.

10. சுடர்ச் சோதனை

இது மாதிரியை அழிக்கும் சோதனை. 2 மில்லிமீட்டர் செதில் ஒன்றைத் தவிர வேறெதையும் இதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. செதிலைக் கையால் தொடாதீர்கள். விரலின் வியர்வை உப்பிலுள்ள சோடியம் சுடரை மஞ்சளாக்கி, லித்தியத்தின் சிவப்பை மூடிவிடும். நேட்ரோலைட் தூள் ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். செதிலைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, முன்கூட்டியே சுடரில் காட்டிச் சுத்தம் செய்த இடுக்கியால் பிடித்து, நீலச் சுடரின் ஓரத்தில் காட்டுங்கள். ஃபுளோரின் வெளிவரக்கூடும் என்பதால் சன்னலைத் திறந்து வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது உருகுதல்: லித்தியம் மைக்கா சட்டென்று குமிழ் விட்டு உருகி மணியாகத் திரளும், மஸ்கோவைட் அதே சுடரில் வெண்மையாகிச் செதில் விரியுமே தவிர எளிதில் உருகாது. இரண்டாவது கருஞ்சிவப்பு நிறம்: உருகும் தருணத்தில் சில நொடிகள் மட்டும் தெரியும். கண்ணால் தவறவிட்டவர்கள் செல்பேசியில் காணொளி எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கையடக்க நிறமாலைமானி இருந்தால், 589 நானோமீட்டரில் சோடியத்தின் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் 671இல் லித்தியத்தின் சிவப்புக் கோடு தனித்து நிற்கும்.

இந்தச் சோதனை லித்தியம் மைக்கா என்று மட்டுமே சொல்லும். பாலிலிதியோனைட்டா, லெபிடோலைட்டா, சின்வால்டைட்டா என்பதை இதனால் பிரிக்க முடியாது.

11. ஆய்வக அறிக்கையைப் படித்தல்

பெயரை உறுதியாக எழுத வேண்டுமானால் பகுப்பாய்வு தேவை. பலரும் மின்னணு நுண்ணோக்கியில் இணைந்த எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வுக்குத்தான் அனுப்புகிறார்கள். அறிக்கையில் லித்தியம் இல்லை என்றதும் மனம் உடைந்துபோகிறார்கள். வழக்கமான அந்தக் கருவிகளால் லித்தியத்தைக் காண இயலாது. அதன் எக்ஸ்-கதிர் ஆற்றல் அவ்வளவு சிறியது. அறிக்கையில் லித்தியம் இல்லாததால் கனிமத்தில் அது இல்லை என்றாகிவிடாது.

சிலிக்கானுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள அணு விகிதத்தைத்தான் அங்கே படிக்க வேண்டும். தூய பாலிலிதியோனைட்டில் அது 4க்கு 1. பாலிலிதியோனைட்டை ஒரு முனையாகக் கொண்ட லித்தியம் மைக்கா வரிசையின் மறுமுனையான டிரைலிதியோனைட்டில் 3க்கு 2.5. இரண்டுக்கும் நடுப்புள்ளியில் விகிதம் 2 ஆகிறது. இரும்பும் மக்னீசியமும் மிகக் குறைவாக இருந்து, விகிதம் 2க்கு மேல் தெளிவாக நின்று, ஃபுளோரினும் கணிசமாக இருந்தால் பாலிலிதியோனைட்டின் பக்கம் இருக்கிறோம். அறிக்கை ஆக்சைடு எடை விழுக்காடாக வந்தால் அப்படியே வகுக்காமல் அணு அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தூய பாலிலிதியோனைட்டில் சிலிக்கா ஏறத்தாழ 61.6, அலுமினா 13.1, ஃபுளோரின் 9.7 விழுக்காடு என்பதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்று எச்சரிக்கைகள். டிரைலிதியோனைட்டின் சிலிக்கா 45, அலுமினா 32 என்ற எண்கள் மஸ்கோவைட்டின் எண்களுக்கு நெருங்கியவை. அங்கே ஃபுளோரின்தான் பிரித்துக் காட்டும். இரும்பு அதிகமுள்ள மைக்காவில், ஃபுளோரின் உச்சத்தின் மேலேயே இரும்பின் ஓர் உச்சமும் வந்து விழும்; ஆகவே அங்கே ஃபுளோரின் எண்ணை நம்பிவிடக் கூடாது. அலுமினியம் ஏறத்தாழ இல்லாமல் மக்னீசியம் நிறைந்திருந்தால், அது டைனியோலைட் என்னும் வேறொரு அரிய லித்தியம் மைக்காவாக இருக்கலாம். லித்தியத்தையே நேரடியாக அளக்க வேண்டுமென்றால் லேசர் கொண்டு ஆவியாக்கி அளக்கும் முறைகளைக் கேட்டுப் பெற வேண்டும்.

12. சீட்டு எழுதுதலும் பெட்டியில் வைத்தலும்

பகுப்பாய்வு செய்யாத மாதிரிக்கு எட்டாம், பத்தாம் படிகள் இரண்டும் ஆதரவாக இருந்தாலும், "லித்தியம் மைக்கா, பாலிலிதியோனைட்டாக இருக்கலாம்" என்றே எழுத வேண்டும். லெபிடோலைட் என்பது இன்று தனிக் கனிமத்தின் பெயராகக் கொள்ளப்படுவதில்லை. 1998இல் வகுக்கப்பட்ட மைக்காப் பெயரிடல் முறையில் அது டிரைலிதியோனைட்டுக்கும் பாலிலிதியோனைட்டுக்கும் இடைப்பட்ட வெளிர்நிற மைக்கா வரிசையின் பெயர். ஆகையால் உறுதியில்லாதபோது வரிசைப் பெயரை எழுதுவதில் குறை ஒன்றும் இல்லை. பிறப்பிடம், உடனிருக்கும் கனிமங்கள், செய்த சோதனைகள், ஒவ்வொன்றின் விளைவு, நாள் ஆகியவற்றையும் சேருங்கள். செய்யாத சோதனையைச் "செய்யவில்லை" என்று எழுதிவிட்டால், அடுத்து வைத்திருப்பவர் அதைச் செய்துகொள்வார்.

பெட்டிக்குள் பஞ்சு வைக்காதீர்கள். அதன் இழைகள் ஏடுகளுக்கிடையே நுழைந்து, எடுக்கும்போது ஏட்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். மாதிரியின் வடிவத்துக்கு வெட்டிய மெல்லிய ஃபோம் நல்லது. நிறுத்தி வைக்க ஒட்டுக்களி பயன்படுத்தினால், அது தாய்ப்பாறையின் அடியில் மட்டுமே பட வேண்டும்; மைக்காவில் பட்டால் முதல் முறை எடுக்கும்போதே மேலேடு களியோடு போய்விடும். சோதனைக்குப் பயன்படுத்திய செதில்களில் மீந்தவற்றைச் சிறிய குப்பியில் இட்டு, அதே எண்ணைக் குறித்து, அதே பெட்டியில் வையுங்கள்.